ஒரு சுற்றுப் பெரிய கோட்

போன நவம்பரில் வேலை விஷயமாக இரண்டு வாரம் ஷெஃபீல்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் தொழிற்சாலை வாங்கிய ஓர் இயந்திரத்தை அங்கேயே ஓடவிட்டுப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். இயந்திரத்தைப் பற்றி எனக்குப் பயமில்லை. குளிர்தான் பயம். அதுவரை எனக்குத் தெரிந்த உச்சக் குளிர் கேமரன் மலையும், ஸ்கூடாயில் படித்தபோது கணினிக்கூடத்தில் ஓடிய ஏர்கோனும்தான்.

கோட் வாங்கக் கிள்ளானில் ஒரு பண்டல் கடைக்குப் போனேன். மலேசியாவில் பண்டல் கடை தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஜப்பானிலும் கொரியாவிலும் கழித்துப்போட்ட துணிகள் மூட்டை மூட்டையாக வந்து, பிரித்து, கம்பியில் தொங்கும். அதில் ஒரு மணல் நிற ட்ரெஞ்ச் கோட். 45 வெள்ளி. போட்டுப் பார்த்தேன். தோள் கொஞ்சம் இறங்கியது, இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம், கீழ்விளிம்பு முட்டிக்குக் கீழே போனது. கடைக்கார அபாங் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பெசார் சிக்கிட். தாப்பி ஓகே" என்றார். கொஞ்சம் பெரிசு, ஆனால் பரவாயில்லையாம். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்.

வீட்டில் அம்மா பார்த்த உடனே கேட்டது, "யாரு கோட்டுப்பா இது?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சின்ன வயதில் எனக்கு எடுத்த உடுப்பு எல்லாமே ஒரு சுற்றுப் பெரிசு. பள்ளிச் சீருடையின் கால்சட்டையை மூன்று வருடத்துக்கு மடித்துத் தைத்திருப்பார் அம்மா. தீபாவளிச் சட்டை அடுத்த தீபாவளிக்குத்தான் அளவாக வரும். "வளர்ற பிள்ளைக்குப் பெருசாத்தான் எடுக்கணும்" என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனாலேயே சொந்தச் சம்பளம் வந்த பிறகு உடம்போடு ஒட்டிய சட்டைகளாக வாங்கித் தள்ளினேன். இப்போது மறுபடியும் ஒரு தொளதொளப்பு. ஷெஃபீல்டில் முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு தொழிற்சாலை வாசலில் நின்றபோது, கண்ணாடிக் கதவில் தெரிந்தது அண்ணன் உடுப்பைப் போட்டுக்கொண்ட தம்பி.

அங்கே என்னோடு வேலை பார்த்த ஓர் ஆங்கிலேயப் பொறியாளர், ஓய்வு பெறும் வயதுக்காரர், இரண்டாம் நாள் மதியம் என் கோட்டைப் பார்த்துக் கேட்டார்: "இதோட பெல்ட் எங்கே?"

குனிந்து பார்த்தேன். இடுப்பில் துணி வளையங்கள் இருந்தன. அதில் எதுவும் இல்லை. கிள்ளானுக்கு வருவதற்கு முன்னாலேயே எங்கேயோ பெல்ட் தொலைந்திருக்கிறது. "பெல்ட் இல்லாவிட்டால் இது கோட் இல்லை, கூடாரம்" என்று சிரித்தார். பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. இந்தக் கோட்டைப் பெரிதாகத்தான் வெட்டினார்கள், உள்ளே ஒரு போரையே போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்றார்.

விடுதிக்குத் திரும்பித் தேட ஆரம்பித்தேன். ஊர் திரும்பியும் தேடல் விடவில்லை.

கதை மழையில் தொடங்குகிறது. நனையாத துணிக்கு முதலில் ஒரு வழி கண்டு வியாபாரமாக்கியவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த வேதியியலாளர் சார்ல்ஸ் மேக்கிண்டோஷ். 1823-இல் அவர் காப்புரிமை பெற்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவில் பூசி ஒட்டுவதுதான் முறை. சாண்ட்விச் மாதிரி. இங்கிலாந்தில் இன்றும் மழைக்கோட்டை 'மேக்' என்று சொல்வது அவர் பெயரை வைத்துத்தான். ஆனால் ஆரம்பகால மேக்கிண்டோஷ் குளிரில் பலகை மாதிரி விறைக்கும், வெயிலில் பிசுபிசுக்கும், நாற்றம் வேறு. ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் வல்கனைசேஷன் 1840-களில் வந்த பிறகு விறைப்பும் பிசுபிசுப்பும் குறைந்தன. ஒரு குறை மட்டும் போகவில்லை. வெளித் தண்ணீரை உள்ளே விடாத துணி, உள் வியர்வையையும் வெளியே விடாது. மோட்டார்சைக்கிளில் பிளாஸ்டிக் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மழையில் நனையாமல் வியர்வையில் நனைந்து போய்ச் சேருவோம்.

இதற்கு வேறு பதில் தேடியவர்கள் இரண்டு பேர். லண்டனில் 1851-இல் ஜான் எமரி தொடங்கிய தையல் நிறுவனம் நீரை ஒட்டவிடாத கம்பளித் துணியைச் செய்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் அக்வாஸ்கூட்டம். லத்தீனில் தண்ணீர்க் கேடயம் என்று பொருள். (தமிழில் படித்தால் ஏதோ கூட்டம் கூடிய மாதிரி இருக்கிறது.) இன்னொருவர் தாமஸ் பர்பரி, 1856-இல் பேசிங்ஸ்டோக் ஊரில் துணிக்கடை வைத்தபோது அவருக்கு வயது 21. 1879-இல் அவர் கேபர்டின் துணியைக் கண்டுபிடித்தார், 1888-இல் காப்புரிமை வாங்கினார்.

ஒரு பொறியாளனாக எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. பர்பரி துணியின் மேல் எதையும் பூசவில்லை. நெய்வதற்கு முன்பே நூலைப் பதப்படுத்தினார், பிறகு பாவும் ஊடையும் நெருக்கமாக விழும்படி சாய்வரி நெசவில் நெய்தார். மழைத்துளி மேலேயே உருண்டு ஓடிவிடும். ஆனால் நீராவி நூல்களுக்கு இடையில் புகுந்து வெளியேறும். அதாவது உடம்பு மூச்சுவிடலாம். பிரச்சினையைப் பூச்சில் தீர்க்காமல் அமைப்பில் தீர்த்தார். 1911-இல் தென் துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென் குழு அங்கே விட்டுவந்த கூடாரம் கேபர்டின் துணிதான். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கேபர்டின் இங்கிலாந்தின் தூறலுக்கான துணி. நம் ஊரில் மாலை நாலு மணிக்குக் கொட்டும் மழையில் பத்து நிமிடம் நின்றால் கேபர்டினும் தோற்கும்.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கும்போது இந்தத் துணிகளெல்லாம் பிரபுக்களின் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் போனது போக, ராணுவ அதிகாரிகளிடமும் போயின. தென்னாப்பிரிக்கப் போயர் போரிலேயே அதிகாரிகள் பர்பரியின் மழைக்கோட்டுகளைப் போட்டார்கள். 1912-இல் பர்பரி 'டீலாக்கன்' என்ற கோட்டுக்குக் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்பக்கப் பட்டன் வரிசை கிடையாது, இடுப்பில் ஒரு பட்டையும் பக்கிளும்தான். ட்ரெஞ்ச் கோட்டின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம். 1914-இல் போர் வெடித்து, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இரண்டு தரப்பும் பதுங்குகுழி வெட்டி எதிரெதிரே உட்கார்ந்ததும் கோட்டுக்கு அந்தக் குழியின் பெயரே வந்துவிட்டது. ட்ரெஞ்ச் என்றால் பதுங்குகுழி. பர்பரி, அக்வாஸ்கூட்டம், த்ரெஷர் அண்ட் க்ளெனி என்று ஆளாளுக்கு நாங்கள்தான் முதலில் செய்தோம் என்கிறார்கள். எனக்கு இந்தச் சண்டையில் ஆர்வமில்லை. ஒரே சேற்றுக்கு ஒரே நேரத்தில் பல தையற்காரர்கள் ஒரே மாதிரி விடை கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் தேடிப்போன விஷயம் வேறு. இந்தக் கோட் யாருக்கு?

பிரிட்டிஷ் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாய்க்கு உடுப்பை அரசாங்கம் கொடுத்தது. அவனுக்குக் கிடைத்தது 'கிரேட் கோட்' என்ற தடித்த கம்பளி மேலங்கி. காய்ந்திருந்தால் கதகதப்பு. பதுங்குகுழியில் அது எங்கே காய்ந்திருந்தது? தண்ணீரையும் சேற்றையும் குடித்துக் குடித்துக் கனத்து, கீழ்விளிம்பு சகதியில் இழுபட்டது. பொறுக்க முடியாமல் சிலர் கத்தியால் அந்தக் கீழ்ப்பகுதியை வெட்டி எறிந்ததாகப் பதிவுகள் உண்டு. ராணுவச் சொத்தை வெட்டியதற்குத் திட்டு தனி.

அதிகாரிகள் விஷயம் வேறு. அவர்கள் உடுப்பை அவர்களே வாங்க வேண்டும். அதற்கு ஒரு படி உண்டு, ஆனால் கடை, துணி, தையல் எல்லாம் அவரவர் விருப்பம். ட்ரெஞ்ச் கோட் கட்டாய உடுப்புக்கூட இல்லை. காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் விருப்ப உடுப்பு. விலை கினிக் கணக்கில். ஒரு கினி 21 ஷில்லிங். காலாட்படைச் சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங். அப்படியென்றால் ஒரு கினி என்பது சிப்பாயின் 21 நாள் சம்பளம். கோட் ஒரு கினிக்குக் கிடைக்கவில்லை, பல கினி ஆனது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, ட்ரெஞ்ச் கோட் ஒரு 'போர் வீரர் உடை' என்று சும்மா பொதுவாக எழுதுகிறார்களே, அது சரியில்லை. அது அதிகாரியின் உடை. ஒரே குழியில், ஒரே மழையில், ஒருவன் கேபர்டினிலும் பத்துப் பேர் ஈரக் கம்பளியிலும் நின்றார்கள்.

அதே குழிகளில் நம் பக்கத்து ஆட்களும் நின்றார்கள். இந்தியப் படைப்பிரிவுகள் 1914 செப்டம்பர் கடைசியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. பஞ்சாபிகள், கர்வாலிகள், பட்டாணியர், கூர்க்காக்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் வெயில் நாட்டுப் பருத்திக் காக்கியில் வந்தார்கள். குளிர்கால உடுப்பு முழுதாக வந்து சேரும் முன்பே முன்னணிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், ராணுவ மருத்துவச் சேவையை விட்டால், 1917 வரை அரச ஆணை பெற்ற அதிகாரியாக முடியாது. சுபேதார், ஜமேதார் என்று தனியாக ஒரு ஏணி, அதன் உச்சிப் படி வெள்ளைக்காரச் சின்ன லெப்டினன்டின் காலுக்குக் கீழே. இதில் ஒரு வேடிக்கை, கோட்டின் நிறமே இந்தியாவிலிருந்து போனதுதான். காக்கி என்றால் தூசி நிறம். 1840-களில் பெஷாவர் பக்கம் கைட்ஸ் படை அதை முதலில் உடுத்தியது. நிறம் ஏறிப் போனது, ஆள் ஏற முடியவில்லை.

இதைப் படித்த அன்று கோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தோளில் இரண்டு பட்டிகள், பட்டன் வைத்து. அதில் பதவிச் சின்னம் குத்துவார்கள். என் கோட்டில் அது வெறுமையாக இருக்கிறது. எல்லாருடைய கோட்டிலும் இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது.

சரி, ஏன் பெரிசு? ஒரு லெப்டினன்ட் கோட்டுக்கு உள்ளே என்னவெல்லாம் போட்டிருந்தான் என்று பட்டியல் போட்டால் விடை வந்துவிடும். சட்டை, அதன் மேல் கம்பளி பனியன், அதன் மேல் நாலு பெரிய பை வைத்த கம்பளி யூனிஃபார்ம், அதன் மேல் சாம் பிரவுன் தோல் பெல்ட், அதில் துப்பாக்கி உறை. குளிர்காலத்தில் கோட்டுக்குள்ளேயே கழற்றி மாட்டும் தடித்த உள்ளங்கி ஒன்று. அதைக் கழற்றினால் ராத்திரி போர்த்திக்கொள்ளலாம். இவ்வளவையும் விழுங்க வேண்டிய கோட் உடம்பை அளந்து வெட்டப்படவில்லை, மூட்டையை அளந்து வெட்டப்பட்டது. அதனால்தான் பெல்ட். உள்ளே நிறைய இருக்கும் நாளில் தளர்த்தி, குறைவாக இருக்கும் நாளில் இறுக்கி, ஒரே கோட்டை எல்லாக் காலத்துக்கும் ஓட்டலாம். என் அம்மாவின் மடித்துத் தைத்த கால்சட்டைக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான்.

தோளுக்கும் ஒரு கதை உண்டு. ட்ரெஞ்ச் கோட்டில் இரண்டு வகைக் கை உண்டு. ஒன்று சாதாரணச் சட்டை மாதிரி தோள் முனையில் தைத்த கை. இன்னொன்று ராக்லன், இதில் தையல் கழுத்திலிருந்து அக்குள் வரை சரிவாக ஓடும். தோள் முனையில் தையலே இருக்காது. லார்ட் ராக்லன் என்பவர் 1815 வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்தவர், பிறகு கிரிமியப் போரில் தளபதி. அவர் பெயர்தான் இந்தக் கைக்கு. கார்டிகன், பாலக்கிளாவா ஆகிய உடுப்புப் பெயர்களும் அதே கிரிமியப் போரிலிருந்து வந்தவை. நிர்வாகக் குளறுபடிக்குப் பேர்போன ஒரு போர் துணிக்கடைக்கு மட்டும் இவ்வளவு கொடுத்திருக்கிறது. கோட்டுக்குள் போட்ட பெல்ட்டுக்குப் பெயர் தந்த சாம் பிரவுன், 1858-இல் இந்தியாவில் இடக்கையை இழந்தவர். ஒருவருக்கு வலக்கை இல்லை, இன்னொருவருக்கு இடக்கை இல்லை. இந்த உடுப்பு வரலாற்றில் இப்படி அங்கங்கே கைகள் கிடக்கின்றன.

மற்ற உறுப்புகளையும் பார்க்கலாம், ஏனென்றால் இவற்றைப் பற்றி இணையத்தில் நிறையக் கதை ஓடுகிறது. வலது மார்பில் ஒரு தனித் துணி மடிப்பு தொங்கும். துப்பாக்கியின் பின்னுதையைத் தாங்கும் மெத்தை என்பார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. அதிகாரி வழக்கமாக வைத்திருந்தது ரிவால்வர், அதைத் தோளில் அண்டக் கொடுத்துச் சுடுவதில்லை. கோட்டைக் கழுத்து வரை பூட்டிப் பாருங்கள், விஷயம் புரியும். இடதுபக்கத் துணி வலது மார்புக்கு மேல் வந்து முடிகிறது. அந்த விளிம்பில் ஒரு இடைவெளி, மழை புகும் வழி. மடிப்பு சரியாக அந்த விளிம்பின் மேல் வந்து மூடிக்கொள்கிறது. ஓட்டு வீட்டில் ஓட்டின் மேல் ஓடு வருகிற மாதிரி. முதுகில் இருக்கும் தொங்கல் துணி இறவாணம், தண்ணீரை முதுகில் ஓடவிடாமல் தள்ளிச் சொட்ட வைக்கிறது. மணிக்கட்டுப் பட்டைகள், கையைத் தூக்கும்போது தண்ணீர் முழங்கைக்கு ஓடாமல் இருக்க. பின்பக்க வெட்டு, நடக்கவும் குதிரை ஏறவும்.

பெல்ட்டில் தொங்கும் 'டி' வடிவப் பித்தளை வளையங்களில் கையெறி குண்டு மாட்டினார்கள் என்று ஆண்கள் பத்திரிகைகள் சத்தியம் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியாமல் இடுப்புக்குப் பின்னால் ஆடும் வளையத்தில், இருட்டில், முள்வேலிக்கு நடுவே, ஊசி வைத்த குண்டை எந்தப் புத்தியுள்ளவன் தொங்கவிடுவான்? தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவன்கூட இதை ஒப்புக்கொள்ள மாட்டான். வரைபடப் பையோ தண்ணீர்க் குடுவையோ மாட்டியிருப்பார்கள் என்பதே பொருத்தம். ஆனால் குண்டுக் கதைதான் கோட்டை விற்கும்.

வியாபாரிகள் சொன்னதை எல்லாம் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அந்தப் போரில் ஐந்து லட்சம் பர்பரி கோட்டுகளை அதிகாரிகள் அணிந்தார்கள் என்பது அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. போர் நடந்த வருடங்களில் பிரிட்டிஷ் ராணுவம் புதிதாக நியமித்த அதிகாரிகளே இரண்டு லட்சத்துச் சொச்சம் பேர்தான். நட்பு நாட்டு அதிகாரிகளையும், கிழிந்து இரண்டாவது வாங்கியவர்களையும் சேர்த்தாலும் போட்டியாளர்களுக்கு ஆளே மிஞ்சாது போலிருக்கிறது.

ஆனால் அந்த இரண்டு லட்சம் முக்கியமான எண். போருக்கு முன் அதிகாரி என்றால் பெரிய இடத்துப் பிள்ளை. அவர்கள் முதல் வருடங்களிலேயே கொத்தாகச் செத்தார்கள். பிரிட்டிஷ் தரப்பில் சிப்பாய்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டினர் இறந்தார்கள் என்றால், அதிகாரிகளில் ஏறத்தாழ 17. முன்னால் நின்று நடத்திப் போனவர்கள் அவர்கள், தனி உடுப்பு தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்தது. சிலர் சிப்பாயின் சட்டையைப் போட்டுக்கொண்டு தாக்குதலுக்குப் போனார்கள். காலியான இடங்களுக்குக் குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் கடைக்காரர் பிள்ளைகளும் வந்தார்கள். மேல்தட்டு அவர்களுக்கு வைத்த பெயர் 'தற்காலிகக் கனவான்கள்'. போர் முடிந்ததும் கனவான் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேசைக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். பட்டம் போனது, கோட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சொந்தக் காசில் வாங்கியதாயிற்றே. அவர்கள் அதையே போட்டுக்கொண்டு வேலை தேடினார்கள். மிச்சக் கையிருப்பும் மலிவாகச் சந்தைக்கு வந்தது. கோட் தெருவுக்கு இறங்கியது இப்படித்தான். பண்டல் கடைக்கு அன்றைக்கே பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்கள்.

பிறகு நடந்ததை எல்லாரும் அறிவோம். 1942-இல் வந்த 'காசாபிளாங்கா' படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட் விமான நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு நின்றார், 1961-இல் ஆட்ரி ஹெப்பர்ன் மழையில் நனைந்தார். துப்பறிவாளர் என்றாலே இந்தக் கோட் என்றாகி, அதைக் கிண்டலடிக்க பீட்டர் செல்லர்ஸ் க்ளூசோவாக வந்தார். (கொலம்போ போட்டது ட்ரெஞ்ச் கோட் அல்ல, ஒற்றை வரிசைப் பட்டன் மழைக்கோட். நண்பர்களிடம் பந்தயம் கட்டலாம்.)

இதில் ரப்பர் எங்கே போனது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன், கித்தாக் காட்டில் வளர்ந்த குடும்பம் எங்களுடையது. எல்லாக் கோட்டும் கேபர்டின் இல்லை. போர்க்காலத்தில் பல தயாரிப்பாளர்கள் ரப்பர் பூசிய துணியிலும் ட்ரெஞ்ச் கோட் தைத்தார்கள், எண்ணெய் ஏற்றிய பட்டை நடுவில் வைத்தும் தைத்தார்கள். மேக்கிண்டோஷ் காலத்து ரப்பர் தென்னமெரிக்கக் காட்டிலிருந்து வந்தது. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 கன்றுகள் வந்த கதை நாம் பள்ளியில் படித்தது. 1914-க்குள் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. அதில் பெரும் பங்கு மலாயா, உளி பிடித்த கைகளில் பெரும் பங்கு தமிழர்கள்.

என் பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். கோட்டை அவரிடம் காட்டி, மழையில் போடுவது என்றேன். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"மழையில எங்க போறது? மழ பேஞ்சா வேலயே இல்லயே."

அவருக்கு மழை என்றால் அதுதான். விடியற்காலை பிரட்டுக்குப் போய் நிற்பார்கள். மரப்பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டில் நிற்காமல் பரவி வழியும். வெட்டிய பிறகு மழை வந்தால் மங்கில் இருக்கும் பால் தண்ணீரோடு போகும். வேலை இல்லை என்று கங்காணி சொல்லிவிட்டால் அன்றைய கூலியும் இல்லை. உலகத்துக்கு நனையாத துணி கொடுத்த பாலை எடுத்தவர்களுக்கு மழை என்பது சம்பளம் இல்லாத நாள். பாட்டி இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை நாளில் மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றதைத்தான் அதிகம் பேசினார்.

இனி, யாராவது இதைப் படித்துவிட்டு ட்ரெஞ்ச் கோட் வாங்கக் கிளம்பினால் ஒரு வார்த்தை. கடைகளில் இப்போது 'ஸ்லிம் ஃபிட்' என்று உடம்பைக் கவ்வுகிற மாதிரி தொடை வரைக்கும் வெட்டி விற்கிறார்கள். பர்பரியே சில வருடங்களுக்கு முன் செல்சி என்ற பெயரில் ஒடுங்கியது, கென்சிங்டன் என்று நடுத்தரம், வெஸ்ட்மின்ஸ்டர் என்று தளர்ந்தது எனப் பிரித்து விற்றது. ஒடுங்கியதில் சட்டைக்கு மேல் ஒரு கம்பளி பனியன் போட்டாலே பட்டன் இழுக்கும். குளிர் நாட்டுக்குப் போட முடியாது, நம் ஊருக்குத் தேவையில்லை, பிறகு எதற்கு? கடைக்குப் போகும்போது உள்ளே போடப்போகும் தடித்த உடுப்பைக் கையோடு கொண்டுபோய், அதற்கு மேல் போட்டுப் பாருங்கள். எல்லாப் பட்டனையும் பூட்டிவிட்டு, மோட்டார்சைக்கிள் ஓட்டுவது மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகு இழுத்தால் சிறிசு. தைத்த தோள் என்றால் தையல் தோள்முனையிலோ ஒரு விரல் தள்ளியோ நிற்கலாம், உள்ளே வரக் கூடாது. ராக்லன் என்றால் தோளைப் பற்றிக் கவலை வேண்டாம். தோள் சரியாக வராத என் மாதிரி ஆட்களுக்கு அதுதான் நல்லது. கை, சட்டையின் மணிக்கட்டை மூட வேண்டும். நீளம் முட்டியை ஒட்டி இருக்கட்டும். குள்ளமானவர்கள் முட்டிக்குச் சற்று மேலே நிறுத்தலாம், தொடைக்கு ஏற்றிவிட்டால் மழையில் நனைவது முழுக்கத் தொடையும் முட்டியும்தான். இடுப்பு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் பெல்ட் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெல்ட்டுக்காகத்தான் போன மாதம் கிள்ளானில் ஒரு தையல் கடைக்குப் போனேன். எழுபது வயதிருக்கும் அவருக்கு, அங்கள் என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். கோட்டை மேசையில் விரித்து, உள்பக்கத் தையலைத் திருப்பிப் பார்த்து, "நல்ல வேலப்பாடு தம்பி. தோள்ல கை வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்றார்.

"தோள் வேணாம் அங்கள். பெல்ட் மட்டும்."

"இடுப்பப் புடிச்சித் தரவா? ரெண்டு பக்கமும் ரெண்டு இஞ்சி எடுத்தா சிக்குன்னு இருக்கும்."

வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்த நிறத்தில் துணி கிடைக்காது, கொஞ்சம் பழுப்பாகத்தான் வரும் என்றார். பக்கிள் மட்டும் நான் வாங்கிவர வேண்டுமாம். வளையம் கேட்டேன், பித்தளையில் டி மாதிரி.

"அது எதுக்கு?"

"சும்மாதான் அங்கள். பழைய கோட்ல இருக்கும்."

"சும்மா வைக்கிறதுக்கு அஞ்சி வெள்ளி எக்ஸ்ட்ரா" என்று ரசீதில் எழுதினார்.